ஓசூர் - கிருஷ்ணகிரி: மூடுபனிச் சாலையும் மீடியனில் ஏறிய வண்டியும்

கார்த்திகை பாதி கடந்துவிட்டால் ஓசூர் பக்கத்து விவசாயிகளுக்கு விடியல் என்பதே வேறு மாதிரி. அதிகாலை 3 மணிக்கே தோட்டத்தில் டார்ச் வெளிச்சம் நகரும். சாமந்தி, செண்டுமல்லி, ரோஜா, கொத்தமல்லி, புதினா, பீன்ஸ், முட்டைக்கோஸ் எனப் பறித்ததெல்லாம் மூட்டையாகவும் கிரேட்டாகவும் வண்டியில் ஏறும். ஒரு வண்டி வடக்கே அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு மார்க்கெட்டுக்குப் போகும். இன்னொன்று தெற்கே சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகச் சேலம், சென்னைப் பக்கம் இறங்கும். இரண்டு வண்டிக்கும் எதிரில் நிற்பது ஒன்றுதான்: மூடுபனி.

குளிர் நாடுகளில் பனி உறைந்து தரையில் கிடக்கும். கார் வழுக்கிப்போய் நடைபாதைக் கல்லில் மோதும். இந்தப் பக்கத்தில் பனி உறைவதில்லை. கண்ணை மறைத்து, தார் மேல் ஈரத்தைப் பூசிவிட்டுப் போகிறது. ஆனால், முடிவு பல நேரங்களில் ஒன்றாகவே இருக்கிறது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு திடீரென்று தெரியும். பிரேக்கை மிதித்ததும் வண்டி இழுக்கும். முன் சக்கரம் மீடியன் கல்லில் ஏறி நிற்கும். ஆளுக்கு ஒன்றும் ஆகாமல் போனாலும் அன்றைய பூவும், அடுத்த மாதத் தவணையும், வண்டியின் ஆயுளும் அந்த ஒரு இடியில் மாட்டிக்கொள்கின்றன.

இறங்கிக்கொண்டே போகும் சாலை

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர்தான். இடையில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதாவது, தெற்கே போகிற வண்டி மொத்தத்தில் இறங்கிக்கொண்டேதான் போகிறது. காலி வண்டி ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. ஒன்றரை டன் தக்காளியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு, பிரேக் பெடலில் காலை வைத்ததுமே தெரியும்.

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு இது. பழைய ஆட்கள் இன்னும் '7-ம் நம்பர் ரோடு' என்பார்கள். நாடு முழுக்க சாலைகளுக்கு எண் மாற்றியபோது 7 என்பது 44 ஆனது. இன்று ஆறுவழிச் சாலை. நடுவில் கான்கிரீட் கல் பதித்த மீடியன், அதில் அரளிச் செடிகள், பக்கத்தில் சர்வீஸ் ரோடு.

இந்தச் சாலையில் விவசாயியின் வண்டி மட்டும் போவதில்லை. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்தது. டி.வி.எஸ். மொபெட்டும் டைட்டன் கைக்கடிகாரமும் இந்த ஊரிலிருந்துதான் வெளியே போயின. சமீப ஆண்டுகளில் போச்சம்பள்ளி பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் வந்துவிட்டது. 2004-ம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரி, மாம்பழத்துக்கும் மோட்டார் பாகத்துக்கும் ஒரே நேரத்தில் பேர் எடுத்த மாவட்டம். விளைவு, அதிகாலை 5 மணிக்கு ஷிப்ட் மாறும் கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, ஆம்னி பஸ், 'குட்டி யானை' என்று மக்கள் கூப்பிடும் மினி லாரி, பால் வண்டி, மொபெட்டில் கீரைக்கட்டு என எல்லாம் ஒரே பனிக்குள் ஓடுகின்றன.

பனி எங்கே தேங்கும்?

வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்ணிய துளிகளாகிறது. அதுதான் மூடுபனி. தண்ணீர் இருக்கிற இடத்திலும் பள்ளமான இடத்திலும் அது கெட்டியாக நிற்கும். நந்தி மலையில் பிறந்து வரும் தென்பெண்ணை ஆறு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையிலும், பிறகு கிருஷ்ணகிரி அணையிலும் தேங்குகிறது. இடையில் ஊருக்கு ஓர் ஏரி. ஆகவே, ஒரு கிலோமீட்டர் தெளிவாக இருக்கும். ஏரிக்கரை வந்ததும் வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் மறைந்துவிடும். தெளிவான இடத்தில் வேகம் பிடித்துவிட்டு, அதே வேகத்தோடு துணிக்குள் நுழைவதுதான் ஆபத்து.

ஓசூரிலிருந்து கிளம்பினால் முதலில் கவனிக்க வேண்டிய இடம் பேரண்டப்பள்ளி. இரண்டு பக்கமும் காட்டுப்பகுதி. கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகாவின் பன்னார்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் சானமாவு காட்டுக்கு வருவது வழக்கம். அவை இந்த நெடுஞ்சாலையையும் கடப்பதுண்டு. வனத்துறை ஆட்கள் கைகாட்டி நிறுத்தினால், 'மார்க்கெட்டுக்கு நேரமாச்சு' என்று ஒதுங்கிப் போகப் பார்க்கக் கூடாது. பனியில் யானை தெரியும்போது அது ஏற்கெனவே பம்பருக்குப் பக்கத்தில் நிற்கும்.

அடுத்து கோபசந்திரம், காமன்தொட்டி, சூளகிரி. சர்வீஸ் ரோட்டிலிருந்து டிராக்டரும் டூவீலரும் பிரதான சாலைக்கு ஏறும் இடங்கள் இவை. பின்பக்க விளக்கு எரியாத டிரெய்லர் பனியில் கண்ணுக்கே தெரியாது. சின்னாறு தாண்டி மேலுமலை வந்தால் சாலை வளைந்து இறங்குகிறது. பாரம் ஏற்றிய வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்ததாகச் செய்தித்தாளில் அடிக்கடி பேர் அடிபடும் இடம் அது. மேலுமலைக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு இறங்குவது பழைய டிரைவர்களின் பழக்கம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் குருபரப்பள்ளி வருவதற்குள் பிரேக் டிரம் சூடேறிவிடும்.

ஏன் வழுக்குகிறது?

சாலையில் தினமும் கொஞ்சம் டீசல், ஆயில், டயர்த்தூள், மண்தூசு படிகிறது. நல்ல மழை பெய்தால் அது கழுவிப் போய்விடும். பனி கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். நனைந்த தூசும் ஆயிலும் சேர்ந்து மெல்லிய சேறாகிறது. கோடை முடிந்து முதல் மழை விழும் அரை மணி நேரத்திலும் இதே நிலைதான். ஏப்ரல், மே மாதங்களில் ஓசூர் பக்கம் விழும் ஆலங்கட்டி மழையில், உருளும் கட்டிகளின் மேல் டயர் ஓடும்போது பிடிமானம் இன்னும் குறைகிறது.

கணக்காகவே பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது. அதற்குப் பிறகு காய்ந்த தார்ச்சாலையில் நிற்க சுமார் 20 மீட்டர். ஈரச்சாலையில் சுமார் 35 மீட்டர். ஆக மொத்தம் 37 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி, ஈரத்தில் 52 மீட்டர் வரை போகும். பனியில் கண்ணுக்குத் தெரிவது 30 மீட்டர்தான் என்றால், 60-ல் போகிற வண்டி நிற்க வழியே இல்லை. வேகத்தை 40-க்குக் குறைத்தால் ஈரச்சாலையிலும் சுமார் 27 மீட்டரில் நின்றுவிடும். டயர் தேய்ந்திருந்தாலோ, பாரம் அதிகமாக இருந்தாலோ இந்தத் தூரம் கூடும்.

உறைபனிச் சாலையில் இதே 60 கிலோமீட்டர் வேகத்துக்கு, பிரேக் பிடித்த பிறகு மட்டும் 140 மீட்டர் வரை தேவைப்படலாம். அதனால்தான், நம் மக்கள் பலர் குடியேறிய மான்ட்ரியல் நகரம் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் போட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படித் தனி டயர் தேவையில்லை. இருக்கிற டயரில் பட்டன் இருந்தால் போதும். காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால், பனிக்காலத்தில் அந்த விளிம்பு வரை ஓட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

ஏறிவிட்டால் முதல் பத்து நிமிடம்

மீடியனில் மோதி வண்டி நின்றதும் பெரும்பாலானவர்கள் செய்வது ரிவர்ஸ் கியர் போட்டு, முறுக்கி, கீழே இறக்கப் பார்ப்பது. அதுதான் சின்னச் சேதத்தைப் பெரிய சேதமாக்குகிறது. கல்லில் ஆயில் சம்ப் உட்கார்ந்திருந்தால், இழுக்கும்போது கிழியும்.

முதலில் இன்ஜினை அணைத்து, நான்கு இண்டிகேட்டரும் எரியும்படி ஹசார்டு சுவிட்சைப் போட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்கி, தடுப்புக்கு அப்பால், பாதுகாப்பான ஓரத்துக்குப் போய்விட வேண்டும். பனியில் அடிபட்ட வண்டியைவிட, அதன் பின்னால் வந்து மோதும் இரண்டாவது வண்டிதான் உயிரை எடுக்கிறது. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். பனியில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தள்ளி வைப்பது நல்லது. கல்லை அடுக்கி வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்காமல் போகிற பழக்கம் வேண்டாம். அடுத்த வண்டி அந்தக் கல்லில்தான் ஏறும்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இந்த எண்ணில் சொன்னால் சுங்கச்சாவடி நிர்வாகத்தின் ரோந்து வண்டியும் கிரேனும் வரும். சாலை ஓரத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் தேடாமல் வந்து சேர்வார்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவுப்படி ஓட்டுநரின் கடமை. உதவ வந்தவரைக் காவல்துறை வற்புறுத்திச் சாட்சியாக்கக் கூடாது என்ற பாதுகாப்பு 2019-ம் ஆண்டுத் திருத்தத்தில் 134-ஏ பிரிவாக வந்திருக்கிறது. ஆகவே, வேறு யாராவது அடிபட்டுக் கிடந்தால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

அடுத்து படம். வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும், மோதிய கல், சக்கரம், நம்பர் பிளேட், டயர் இழுத்த தடம் எல்லாம் தெரியும்படி செல்போனில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எண்ணுக்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சரக்கு வண்டிகளுக்குப் பல கம்பெனிகள் மோதிய இடத்திலேயே வந்து பார்க்கும் 'ஸ்பாட் சர்வே' கேட்கும். அதற்கு முன் வண்டியை எடுக்கலாமா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. சாலையை மறித்து நிற்கிறது என்று போலீஸ் எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் படங்கள்தான் சாட்சி.

சரக்கை மறந்துவிடக் கூடாது. பூ வெயில் ஏறுவதற்குள் போக வேண்டும். அதே மார்க்கெட்டுக்குப் போகும் பக்கத்துத் தோட்டத்து வண்டியின் நம்பர் போனில் இருந்தால், மூட்டையை மாற்றி அனுப்பிவிட்டு நிதானமாக வண்டியைப் பார்க்கலாம். ஒரே பாதையில் போகும் நாலைந்து பேர் இப்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது, எந்தப் பாலிசியும் தராத காப்பீடு.

சக்கரத்துக்கு அடியில் என்ன உடையும்?

வெளியில் பார்த்தால் பம்பரில் ஒரு கீறல்தான் தெரியும். உள்ளே வேறு கதை நடந்திருக்கும்.

டயர்: பக்கச்சுவரில் கொப்புளம்போல் வீங்கியிருந்தால் உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பஞ்சர் ஒட்டு கிடையாது. டயரைத்தான் மாற்ற வேண்டும். 'ஊர் வரைக்கும் தாங்கும்ணே' என்று யாராவது சொன்னாலும் கேட்கக் கூடாது. பாரத்தோடு போகும்போது அது வெடிக்கும்.

டிஸ்க்: இரும்பு டிஸ்க் லேசாக நெளிந்திருந்தால் பட்டறையில் நிமிர்த்தலாம். அலாய் வீலில் விரிசல் விழுந்திருந்தால் வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது.

ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்: நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, கையை விட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, டை ராடு அல்லது லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம். வளைந்த லோயர் ஆர்மைச் சூடு காட்டி நிமிர்த்துவது வேண்டாம். இரும்பின் வலு போய்விடும்.

பட்டை ஸ்பிரிங்: பிக்கப், மினி லாரி போன்றவற்றில் பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் மோதலில் அறுந்துவிடுவது உண்டு. அப்போது அச்சு கொஞ்சம் முன்பின்னாக நகர்ந்துவிடும். பின்னால் வருகிறவர் பார்த்தால் வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடுவது தெரியும். வீட்டிலேயே சோதிக்கலாம். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, இரண்டு பக்கமும் கயிறு பிடித்து அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். வித்தியாசம் இருந்தால் நேராகப் பட்டறைக்குப் போக வேண்டும்.

அடிப்பக்கம்: தரையில் ஆயிலோ, ரேடியேட்டர் தண்ணீரோ, பிரேக் ஆயிலோ சொட்டுகிறதா என்று வண்டிக்கு அடியில் ஓர் அட்டையைப் போட்டுப் பார்க்கலாம். இவற்றில் எது சொட்டினாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. கிரேனில்தான் எடுக்க வேண்டும்.

பேரிங்: ஓடும்போது 'ஊம்' என்ற சத்தம் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கினால் வீல் பேரிங் போய்விட்டது.

எல்லாம் சரிசெய்த பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். அதை மிச்சம் பிடித்தால் புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஒரு பக்கமாகத் தேயும். மோட்டார் பாகம் செய்கிற ஊர் என்பதால் ஓசூரில் லேத் பட்டறையும் உதிரிபாகக் கடையும் தாராளம். பழைய பாகமும் கிடைக்கும். கதவு, கண்ணாடி போன்றவற்றுக்குப் பழையது போதும். ஸ்டீயரிங், பிரேக் சம்பந்தப்பட்டதைப் புதிதாக, பில்லோடு வாங்குவதே நல்லது.

இன்ஷூரன்ஸ்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

எல்லா வண்டிக்கும் கட்டாயமானது தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும்தான். அது அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு. நம் வண்டியின் சேதத்துக்கு அதில் ஒரு பைசா வராது. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' எனப்படும் பேக்கேஜ் பாலிசி இருந்தால்தான் மீடியனில் மோதிய செலவைக் கேட்க முடியும்.

அதிலும் சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டிப் பாலிசியில் விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பானெட், பம்பர், பெயின்ட் ஆகியவற்றின் சேதம் சாதாரணமாகச் சேராது. 'ஐ.எம்.டி. 23' என்ற கூடுதல் பிரிவுக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் சேரும். கல்லில் மோதும்போது முதலில் போவதே இந்தப் பாகங்கள்தான். ஆகவே, அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஏஜென்டிடம், 'ஐ.எம்.டி. 23 போட்டிருக்கீங்களா?' என்று ஒரு வார்த்தை கேட்பது அவசியம்.

தேய்மானக் கழிவு அடுத்தது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவிகிதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு: 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை 5 சதவிகிதம், 2 ஆண்டு வரை 10, 3 ஆண்டு வரை 15, 4 ஆண்டு வரை 25, 5 ஆண்டு வரை 35, 10 ஆண்டு வரை 40, அதற்கு மேல் 50. உதாரணத்துக்கு, மூன்றரை ஆண்டு ஓடிய வண்டியில் இரும்புப் பாகம் 20,000 ரூபாய், பாலிசியில் சேர்ந்த பிளாஸ்டிக், ரப்பர் பாகம் 6,000 ரூபாய், கூலி 8,000 ரூபாய் என்றால், மொத்தம் 34,000 ரூபாய். இதில் கணக்குக்கு வருவது 15,000 + 3,000 + 8,000 = 26,000 ரூபாய். அதிலும் பாலிசியில் எழுதியிருக்கும் கட்டாயக் கழிவு போகும்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடலாமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவிகிதம் என்று ஏறும். ஒருமுறை கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய், இப்போது 35 சதவிகிதத் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டால் அடுத்த 5 ஆண்டுகளில் இழக்கும் தள்ளுபடி 45, 30, 25, 15, 5 சதவிகிதம். கூட்டினால் 120 சதவிகிதம். அதாவது 14,400 ரூபாய். கையில் வரும் தொகை இதைவிடக் குறைவு என்றால், சொந்தக் காசில் சரிசெய்வதே லாபம்.

இன்னொரு நிபந்தனை முக்கியம். அடிபட்ட வண்டியைச் சரிசெய்யாமல் ஓட்டி, அதனால் சேதம் பெரிதானால், அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளர் பொறுப்பு. சம்ப் உடைந்த வண்டியை ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால் சம்ப்புக்கு மட்டும் பணம் வரும், இன்ஜினுக்கு வராது. சர்வேயர் பார்ப்பதற்கு முன் பாகத்தைப் பிரித்துவிடுவதும் தகராறில் முடியும். மாற்றிய பழைய பாகங்களை அவர் பார்க்கும் வரை பட்டறையிலேயே வைத்திருக்கச் சொல்ல வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால்?

ஓசூரைத் தாண்டி ஜூஜுவாடி வந்தால் தமிழ்நாடு முடிகிறது. அத்திப்பள்ளியில் கர்நாடகா. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வீட்டில் பேசும் ஊர்க்காரர்களுக்கு எல்லை ஒன்றும் பெரிதல்ல. விபத்து நடந்தால் மட்டும் அது பெரிதாகிவிடும். அந்தப் பக்கம் மோதினால் வழக்கு அந்தப் பக்கக் காவல் நிலையத்தில்தான். முதல் தகவல் அறிக்கை கன்னடத்தில் இருக்கும். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, வண்டி எண், தேதி, இடம் மூன்றும் சரியா என்று பார்த்த பிறகே நகல் வாங்க வேண்டும். இன்ஷூரன்ஸ் நாடு முழுக்கச் செல்லும். எந்தப் பக்கப் பட்டறையில் வேலை என்பதைக் கம்பெனியிடம் சொல்லிவிட்டுச் செய்தால் போதும்.

பர்மிட் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டும் பிக்கப் என்றால், கர்நாடகாவுக்குள் செல்லும் பர்மிட் இருக்க வேண்டும். இல்லாமல் போய் மோதினால் அபராதமும் கிளெய்ம் தகராறும் சேர்ந்து வரும். எஃப்.சி. காலாவதியான வண்டிக்கும் இதே கதி.

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்துக்கொண்டு மினி லாரி ஓட்டி மோதினால் கிளெய்ம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது. லைசென்ஸ் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

கேள்வி: பூப்பறிக்கும் ஆட்களை மூட்டை மேல் உட்கார வைத்துக் கூட்டிப் போகிறோம். விபத்து நடந்தால் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

பதில்: சரக்கின் உரிமையாளர், அல்லது அவருடைய பிரதிநிதி சரக்கோடு போனால் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறிப் போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில் விழும். நிலத்தை விற்கும் நிலைமைகூட வரலாம். ஆட்களைத் தனியாக அனுப்புங்கள்.

கேள்வி: மோதியதில் மீடியன் கல்லும் விளக்குக் கம்பமும் உடைந்தன. பணம் கட்டச் சொல்கிறார்கள். எங்கே கட்டுவது?

பதில்: ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். சேத மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுங்கள். அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. பிரீமியம் குறைக்க அதை 6,000 ரூபாயாக வெட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: வண்டியில் இருந்த தக்காளி நசுங்கிவிட்டது. அதற்குப் பணம் வருமா?

பதில்: வண்டிப் பாலிசியில் சரக்கு சேராது. அதற்குச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு தனி. தினமும் அதிக மதிப்புள்ள பூ, காய் அனுப்பும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மொத்தமாக எடுத்தால் கட்டுப்படியாகும்.

கேள்வி: கிளெய்மை மறுத்துவிட்டார்கள். யாரிடம் போவது?

பதில்: முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போகலாம். கட்டிய பிரீமியம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கும் கட்டணம் இல்லை.

கிளம்புவதற்கு முன்

பனிக்காலத்தில் ஹெட்லைட்டை டிம்மில் மட்டுமே போட வேண்டும். பிரைட் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, வைப்பர் ரப்பரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டியின் பின்பக்கமும் டிரெய்லரின் பின்பக்கமும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கை நம்பி ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. அந்த லாரி எங்கே போய் நிற்கும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. டயர் காற்றையும் ஸ்டெப்னி காற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ், எஃப்.சி., லைசென்ஸ் நான்கும் செல்போனில் இருக்கட்டும். அவற்றின் காலாவதித் தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சந்தைக்கு முதல் வண்டியாகப் போனால் விலை கூடக் கிடைக்கும் என்பது உண்மைதான். அதற்காக 40-ல் போக வேண்டிய இடத்தில் 70-ல் போய் மிச்சமாவது 50 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம். ஒரு லோயர் ஆர்மும் இரண்டு டயரும் மாற்றப் பட்டறையில் நிற்கும் நாட்கள் அதைவிட அதிகம். பனி கெட்டியாக இருக்கிற நாட்களில் பறிப்பை அரை மணி முன்னால் தொடங்கிவிட்டால், சாலையில் அந்த அவசரமே வராது.